மரியம்மா வீட்டில் எங்கள் கதவு

மூங்கில் தட்டியின் மேல் களிமண்ணும் சாணமும் பூசி, அது காயும் முன்பே உள்ளே அடுப்பை மூட்டினால், சுவரெல்லாம் வியர்த்து ஒரு புளித்த ஆவி எழும். அது கண்ணைக் கரிக்கும், தொண்டையில் தங்கும், மறுநாள் சோற்றிலும் வாசனையாக ஒட்டிக்கொண்டிருக்கும். எனக்கு எட்டு வயது ஆவதற்குள் அந்த ஆவியை நான் மூன்று வீடுகளில் முகர்ந்துவிட்டேன். கோலார் தங்க வயலில் சுரங்கத் தொழிலாளர் குடிசைகள் வரிசை வரிசையாக இருக்கும். அந்த வரிசையை "லைன்" என்போம். புதிதாகக் குழி வெட்ட இடம் தேவைப்பட்டால் கம்பெனி ஆள் வந்து இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்; உடனே லைன் முழுவதும் தட்டிகளைப் பிரித்துத் தலையில் சுமந்துபோய் வேறொரு மேட்டில் நட்டுக்கொள்ளும்.

மூன்றாம் முறை மாறியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மா அடுப்பை மட்டும் வைத்தாள், மூட்டைகளை அவிழ்க்கவில்லை. "வர்ற ஞாயித்துக்கெழம பசங்கள இட்டுக்கினு குடியாத்தத்துக்கு எங்கண்ணன் ஊட்டுக்குப் போறேன். நீங்க இங்கியே ஊட்டத் தூக்கிக்கினு திரிங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு. எழுத்துக் கூட்டாமல் வாசிக்க அப்போதுதான் வந்திருந்தது. மாமா ஊரில் பெண்பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம் கிடையாது. இதை அம்மாவிடம் சொல்லலாமா, சொன்னால் அடி விழுமா என்று யோசித்து யோசித்து, கடைசியில் சொல்லாமலேயே மூட்டைகளைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

எங்கள் பழைய வீட்டுக் கதவும் ஒரு தட்டிதான். அதன் நடுவில் விழுந்திருந்த ஓட்டையை அப்பா வெடிமருந்துப் பெட்டியின் பலகை ஒன்றை வைத்து அடைத்திருந்தார். எல்லா வீட்டுத் தட்டிகளையும் ஒரே குவியலாகப் போட்டு எடுத்ததில் அந்தக் கதவு நான்கு வீடு தள்ளியிருந்த மரியம்மா வீட்டுக்குப் போய்விட்டது. நான் ஓடிவந்து சொன்னபோது அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "உட்டுட்டுப் போற ஊட்டுக்குக் கதவு இன்னாத்துக்கு?" என்றாள்.

திங்கட்கிழமை அப்பா விடியும் முன்பே வேலைக்குப் போய்விட்டார். சாயங்காலம் சங்கு ஊதியது; குழியிலிருந்து கூண்டில் மேலே ஏறிவந்த ஆட்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு லைனுக்குள் வந்தார்கள்; ஒவ்வொரு வீட்டிலும் செம்பு மோதும் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டுக்கு மட்டும் யாரும் வரவில்லை. சங்கு ஊதியும் ஒருவர் வரவில்லை என்றால் எங்கள் ஊரில் அதற்கு ஓர் அர்த்தம்தான் உண்டு. அம்மா வாசலில் நின்றாள், உள்ளே போனாள், மறுபடி வந்து நின்றாள். பிறகு தம்பியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு குழியை நோக்கி ஓடத் தொடங்கினாள். நான் பின்னால் ஓடினேன்.

மரியம்மா வீட்டைத் தாண்டும்போது உள்ளேயிருந்து அப்பாவின் குரல் கேட்டது. பலகை அடித்த கதவு திறந்து கிடந்தது. உள்ளே புகை மூட்டத்தில் அப்பா சம்மணம் போட்டு, தட்டில் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மூலையில் நின்றாள். வாசலில் காலடிச் சத்தம் கேட்டதும் அப்பா தலையைத் தூக்காமலே, "இன்னிக்கித்தாண்டி களி கட்டியில்லாம கீது" என்றார்.

அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முதலில் அழுதாள். மரியம்மா பதறி, "அண்ணன் நேரா வந்து குந்திக்கினு களி போடுன்னாருக்கா. பசியோட வந்த மனுசன எப்பிடி எழுப்பறது? துன்னட்டும், அப்பால சொல்லிக்கலாம்னு இருந்தேன்" என்றாள். அப்பா நிமிர்ந்து இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கதவு நம்முளுதுதானே?" என்றார்.

அழுதுகொண்டிருந்த அம்மாவுக்கு அதைக் கேட்டுச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அக்கம்பக்கத்துப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். "இவர இங்க உட்டுட்டு நான் போனேன்னா, தெனம் ஒரு ஊட்ல துன்னுட்டு வருவாரு. லைன்ல ஒருத்தி மிச்சமில்லாம என் களியப் பத்திக் கேப்பா" என்றாள் அவர்களிடம். மரியம்மா கதவை மாற்றித் தருவதாகச் சொன்னபோது, "கெடக்கட்டும், அதுக்கு உன் ஊடு புட்ச்சிப் போச்சி" என்றாள். அன்றைக்கே மூட்டைகள் அவிழ்ந்தன. அப்பாவுக்கு அடையாளம் தெரிய அம்மா வாசல் கம்பத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினாள். நல்ல யோசனை என்று மற்ற பெண்களும் ஆளுக்கொரு சிவப்புத் துணி கட்ட, ஒரே வாரத்தில் அந்த அடையாளமும் பயனில்லாமல் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை வந்தது, குடியாத்தத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. மறுநாள் நான் பள்ளிக்கூடம் போனேன்.

அந்த மேட்டில் இப்போது தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய ஆலை மணல் மலையாகக் குவிந்து கிடக்கிறது. மரியம்மா குடும்பம் எந்தப் பக்கம் போயிற்று என்று விசாரித்தும் தெரியவில்லை. அம்மாவும் இல்லை, அன்றைக்கு அவள் சிரித்தது தைரியத்தினாலா, பயம் விட்டுப்போனதினாலா என்று கேட்டு வைத்துக்கொள்ளாமல் போனேனே என்று இப்போது தோன்றுகிறது. ஏனென்றால் கணக்கர் வேலையிலிருக்கும் என் கணவரை வடக்கே ஏதோ ஒரு புதிய சுரங்கத்துக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். குழந்தைக்கு எட்டு மாதம். நானும் அவனும் கூடப் போவதா, இங்கேயே இருப்பதா என்று பத்து நாளாக ஒரு முடிவுக்கு வருவதும், விளக்கு வைப்பதற்குள் அதை மாற்றிக்கொள்வதுமாக இருந்தேன்.

இன்று காலை, வருகிறோம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன கையோடு அந்த ஊர்த் தண்ணீரைப் பற்றியும் பாலைப் பற்றியும் ஏழு கேள்விகள் கேட்டேன். ஐந்தாவது கேள்வியிலேயே அவர் சிரித்துவிட்டார். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை. புறப்பட நான்கு நாள் இருக்கிறது.