ஒரே டிஸ்க்கில் இரண்டு சிஸ்டம்

பிள்ளைகளே, எண்பதுகளின் கடைசியில் நான் தருமபுரியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். டாஸ் என்ற சிஸ்டம் இருந்த மெஷினில் யுனிக்ஸ் என்ற இன்னொரு சிஸ்டத்தையும் ஏற்றச் சொன்னார் முதலாளி. டிஸ்க்கை இரண்டாகப் பிரிக்கத் தெரியாமல் முழுவதையும் யுனிக்ஸுக்கே கொடுத்துவிட்டேன். கூட வேலை பார்த்த அண்ணன் ஆறு மாதமாக டைப் செய்த பென்னாகரம் ரேஷன் கார்டுப் பட்டியல் அழிந்துபோனது.

"காப்பி ஃபிளாப்பியில இருக்குதுங்களேண்ணா," என்றேன்.

ஆயுத பூஜையன்று அந்த ஃபிளாப்பிகளுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தவனும் நான்தான். உள்தகடு தெரியும் திறப்பின் மேலேயே வைத்திருக்கிறேன். ஒன்றையும் மெஷின் படிக்கவில்லை.

"பொட்டு வைக்க உனக்கு வேற எடமே கெடைக்கலையாடா?"

கேட்டுக்கொண்டே அண்ணன் என் மூக்கில் குத்தினார். விழுந்தவனை நெஞ்சில் உதைத்தார். வலியில், தப்பு என்னுடையது என்பதே மறந்துவிட்டது. கீபோர்டைப் பிடுங்கி அவர் முகத்தில் அடித்தேன். உதடு கிழிந்து பல் ஒன்று விழுந்தது. மறுபடியும் ஓங்கினேன். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"மூஞ்சியிலயே அடிடா. வெரலு போனா அத்தனையும் மறுபடி யாரு டைப் பண்றது?"

கீபோர்டை வைத்துவிட்டேன். மூன்று மாதம் இருவரும் பாதிப்பாதியாக அந்தப் பட்டியலை டைப் செய்தோம். அவர் என்னிடம் பேசவே இல்லை.