அண்ணி மொண்டு கொடுத்த தண்ணீர்

நான் வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டில் காய்ச்சல்காரருக்குத் தண்ணீர் தரமாட்டார்கள். தண்ணீர் குடித்தால் சளி கட்டும், சளி கட்டினால் சன்னி வரும், சன்னி வந்தால் ஆள் போய்விடும் என்பது அவர்கள் கணக்கு. ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துவிடுவார்கள், அவ்வளவுதான். கேட்டால் ‘லங்கணம் பரம ஔஷதம்’ என்பார்கள். லங்கணம் என்றால் பட்டினி. இவர்கள் தண்ணீரையும் அதில் சேர்த்துவிட்டார்கள். சீக்கு மாட்டுக்குக்கூடத் தொட்டியில் தண்ணீர் காட்டுகிறோமே என்று கேட்டு, வாய் நீளம் என்று பெயர் வாங்கியதுதான் எனக்கு மிச்சம்.

யுத்த காலம் அது. இண்டூர்ப் பக்கம் மார்கழிப் பனி எலும்பைத் துளைக்கும். கேழ்வரகுக் களத்தில் காவலுக்குப் படுத்திருந்த என் கணவர் ஒரு காலையில் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மதியத்துக்குள் உடம்பு அனலாய்க் கொதித்தது. வலது விலாவில் குத்து. மூச்சை முழுதாக இழுக்க முடியவில்லை. மறுநாள் இருமித் துப்பியது செங்கல் கரைத்த நிறத்தில் இருந்தது. அதைப் பார்த்த பிறகு யாரையும் கேட்காமல் நானே வண்டி பூட்டச் சொன்னேன்.

வீட்டுக்குப் பெரியவர் என் கணவரின் அக்கா. புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவரும் அவர்தான். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். தருமபுரி ஆஸ்பத்திரிக்கு அவரும் வந்தார். மருந்து வாடை ஆகாது என்று வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

டாக்டர் முதுகைத் தட்டிப் பார்த்தார், குழாய் வைத்துக் கேட்டார். நுரையீரல் ஒரு பக்கம் கெட்டிப்பட்டுவிட்டது, இது நிமோனியா, கிருமியால் வருவது என்றார். துப்புவதைச் சாம்பலில் பிடித்து எரித்துவிட வேண்டும், பிள்ளைகளைக் கிட்டே விடக்கூடாது. முன்பெல்லாம் நோய் தானாகத் தணிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதானாம். இப்போது சல்பா மாத்திரை வந்திருக்கிறதாம். படுக்கை காலியில்லாததால் மாத்திரையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

“காய்ச்சல் விட்டாலும் மாத்திரையை நிறுத்தாதம்மா. தண்ணி நெறையக் குடுக்கணும். இல்லேன்னா மருந்து உப்பு மாதிரி படிஞ்சு மூத்திரத்தை அடைச்சிடும்” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி மாத்திரையை நுணுக்கி, சூரணம்போலத் தேனில் குழைத்துத் தம்பியின் நாக்கில் தடவினார். நான் தண்ணீர்ச் செம்பை எடுத்தேன். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

“டாக்டர் சொன்னாருங்க அண்ணி.”

“நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா டாக்டரா நம்ம வூட்டுல வந்து அழுவாரு? மருந்து குடுத்தாரு, குடுத்தாச்சு. தண்ணியக் குடுத்துக் கொல்லச் சொன்னாரா?”

குடத்தைத் தன் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் விடுகிற ஆளா? கிணற்றுக்குப் போய் மொண்டு வந்து கணவர் வாயருகே வைத்தேன். அந்த மனுஷரோ உதடு வெடித்துக் கிடக்கும்போதும், “அக்கா வேண்டாங்குதே” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்காவும் தம்பியும் சேர்ந்து என் உயிரை வாங்கினார்கள்.

மறுநாள் காய்ச்சல் கொஞ்சம் தணிந்தது. அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் ‘பாத்தியா’ என்று எழுதி ஒட்டியிருந்தது. ஆனால் பொழுது சாய்வதற்குள் என் கணவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு புரண்டார். மூத்திரம் சொட்டுச் சொட்டாக, ரத்தம் கலந்து வந்தது. டாக்டர் சொன்னது கண்ணெதிரே நடந்தது. எனக்கு மரியாதையெல்லாம் பறந்துவிட்டது.

“பொழச்சா அவரு உங்களுக்குத் தம்பி. செத்தா தாலி அறுக்கறது நானு. கொடத்த வுடுங்க” என்றேன்.

அண்ணி எழுந்து அவரே செம்பில் மொண்டார். தம்பியின் தலையை மடியில் தூக்கி வைத்து, “குடி சாமி, அக்கா சொல்றேன்” என்றார். பாதித் தண்ணீர் சேலையில் சிந்தியது. என் கணவர் அதைக் குடித்த வேகத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்குப் பிறகு அண்ணி அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. சீரகத் தண்ணீர், கஞ்சித் தண்ணீர், நீர்மோர் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார். மூத்திரம் தெளிந்து தாராளமாகப் போனபோது, வெட்கத்தை விட்டுத் தெருவில் எல்லோரிடமும் போய்ச் சொன்னேன். டாக்டரிடம் ஆள் விட்டுக் கேட்டு, அவர் சொன்னபடி மிச்ச மாத்திரையையும் கொடுத்து முடித்தோம்.

அந்த மாத்திரையைக் கண்டுபிடித்த புண்ணியவான் எந்தச் சீமையோ, அவர் குலம் தழைக்கட்டும் என்று இன்றும் விளக்கேற்றும்போது சொல்லிக்கொள்கிறேன். அண்ணிக்கு நான் பட்ட நன்றிக்கடன் அதைவிடப் பெரியது. காலமெல்லாம் நம்பியதை, பிள்ளையாய் வளர்த்த தம்பியின் உயிர் ஊசலாடும்போது விட்டுக்கொடுப்பது லேசான காரியமா?

என் கணவர் எழுந்து உட்கார்ந்து களி கேட்ட அன்று, கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அண்ணியிடம் போய், “உங்க கையாலதான் பொழச்சாருங்க” என்றேன்.

அவர் தலை நிமிரவில்லை. “எம் மவளுக்கும் இதே காய்ச்சல்தான். தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே கெடந்தா” என்றார்.

அவருக்குச் சிறு வயதிலேயே போய்விட்ட மகள் ஒருத்தி உண்டென்று தெரியும். எப்படிப் போனாள் என்று யாரும் சொன்னதில்லை.

“அப்ப இந்த மாத்திரை ஏதுங்க அண்ணி? தண்ணி குடுத்திருந்தாலும் பொழச்சிருப்பான்னு சொல்ல முடியாதுங்க” என்றேன். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொன்னேன்.

“தெரியும் புள்ள. தாகத்தோட போயிருக்க மாட்டா இல்ல?” என்றார் அண்ணி.