நடுத்தூண் கிணறு

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். என் கண்ணுக்கு மேகம் மட்டும் இருண்டால் போதும். எல்லை ஆற்றின் மேல் பாலம் கட்டும் வேலைக்கு நான் மேலாளர். ஒரு கரை ஆந்திரா, எதிர்க்கரை தமிழ்நாடு. திருப்பதியில் குடியிருந்தேன். காலையில் எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன் மொட்டை மாடிக்குப் போய் மலைப்பக்கம் மேகம் இருக்கிறதா என்று பார்ப்பேன். "நீங்க மலையப்பனைக் கும்புடறீங்கன்னு பக்கத்து வூட்ல நெனச்சிக்கினு கீறாங்க" என்று என் மனைவி சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது. ஆற்றுக்குள் ஆட்களை இறக்கிவிட்டுக் கரையில் நிற்பவனுக்குத்தான் அந்தப் பயம் தெரியும்.

ஆற்றின் நடுவே நிற்கவேண்டிய தூணுக்கு அடித்தளம் ஒரு பெரிய கான்கிரீட் கிணறு. முதலில் மணல் மேல் வளையமாகக் கட்டுவார்கள். உள்ளே தோண்டத் தோண்ட அது தன் கனத்திலேயே கீழே இறங்கும். மணலை இயந்திரம் அள்ளிவிடும். அடி விளிம்பில் பாறை சிக்கினால் மட்டும் ஆட்கள் உள்ளே போய் உடைக்க வேண்டும். ஏறி இறங்க ஒரே இரும்பு ஏணி. ஊற்றுநீரை இறைக்க ஒரு பம்ப், கத்திக்கொண்டே இருக்கும். இரண்டு மாநிலத்துக்கும் நடுவிலுள்ள எல்லை அந்தக் கிணற்றுக்குள்தான் போனது. சோறு ஆந்திராவில், வெற்றிலை தமிழ்நாட்டில் என்று ஆட்கள் கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

பருவமழைக்கு முன்பே ஒரு புயல் கிளம்பியது. மலைப்பக்கம் நல்ல மழை. மேலே இருக்கும் அணை நிரம்பிக்கொண்டிருக்கிறது என்று கேள்விப்பட்டு இரு பக்கத்து அலுவலகங்களுக்கும் போன் செய்தேன். தமிழ்நாட்டுப் பக்கம் இருந்தவர், "அணை அவங்களோடது, தெறந்தா அவங்களே உங்களுக்குச் சொல்லிடுவாங்க" என்றார். ஆந்திரப் பக்கம் இருந்தவர், தெலுங்கும் தமிழும் கலந்து, திறந்தால் தமிழ்நாட்டுக்குத் தகவல் போகும், அவர்கள் எனக்குச் சொல்வார்கள் என்றார். இருவரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். மலைப்பக்கம் மறுபடி பார்த்தேன், இருண்டுதான் இருந்தது. ஆனால் தண்ணீர் வருகிறது என்று யாரும் சொல்லாதபோது நான் வேலையை நிறுத்த முடியாது. கிணறு பாறையில் சிக்கி ஒரு பக்கம் சாயத் தொடங்கியிருந்தது. ஆட்களை இறக்கினேன்.

மத்தியானம் கரைமேல் ஐந்தாறு பெண்கள் வந்தார்கள். தலை நிறையப் பூ, பட்டுப்புடவை, கையில் மஞ்சளும் குங்குமமும் தேங்காயும் வைத்த தாம்பாளம்.

"இன்னாம்மா, கோயிலுக்கா?" என்று கேட்டேன்.

"கோயிலுக்கில்ல சார். கங்கம்மா வந்துகினு கீறா. எதுர்ல போய் அழைக்க வாணாமா?" என்றாள் முன்னால் வந்தவள். காய்ந்த ஆற்றில் புதுத் தண்ணீர் வந்தால் மஞ்சள் குங்குமம் கொடுத்து வரவேற்பது அந்தப் பக்கத்து வழக்கம். "அணையில கேட்டைத் தூக்கிட்டாங்க. எங்க தம்பி செல்லுல அனுப்சான், பாக்கறீங்களா?"

பார்த்தேன். மதகுகளில் நுரை பொங்கிக்கொண்டிருந்தது.

"ஊர்ல தண்டோரா போட்டாங்களே, நீங்க கேக்கலியா சார்? தண்ணி நாகலாபுரம் தாண்டிடுச்சாம்."

தண்டோராவைத் தெருத்தெருவாகப் போட்டிருந்தார்கள். ஆற்றுக்குள் ஏது தெரு?

மணலில் ஓடினேன். கால் புதைந்து புதைந்து இழுத்தது. கிணற்று விளிம்பில் நின்று கத்தினேன். பம்ப் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பம்பை நிறுத்தினேன். சட்டென்று வந்த அமைதியில் கீழே இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "தண்ணி வருது, ஏறுங்க!" ஒருவர் பின் ஒருவராக ஏறி வந்து கரையை நோக்கி ஓடினார்கள். கடைசி ஆள் மட்டும் பாதி ஏணியில் நின்றுவிட்டார். சத்தியவேடு பக்கத்திலிருந்து புதிதாக வேலைக்கு வந்தவர். ஏணியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். பம்ப் நின்றதால் கீழே ஊற்றுநீர் ஏறிக்கொண்டிருந்தது.

அந்தக் கிணற்றுக்குள் நான் ஒருநாளும் இறங்கியதில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு போன் வரும், இல்லையென்றால் வரவழைத்துக்கொள்வேன். அன்றைக்கு இறங்கினேன். தைரியம் ஒன்றுமில்லை. மேலே நின்று அந்த மனிதரைப் பார்த்துக்கொண்டிருப்பது இறங்குவதைவிடப் பயமாக இருந்தது.

"கையை எடுத்து மேல்கம்பில வைப்பா" என்றேன்.

"முடில சார். கை வர்ல."

"எனக்குந்தான் வரல. நீ வந்து தள்ளினாத்தான் நான் மேல போக முடியும். இல்லன்னா ரெண்டு பேரும் இங்கியே கெடக்க வேண்டியதுதான்."

அவர் கண்ணைத் திறந்தார். என் கால் அவர் முகத்துக்கு நேரே நடுங்கிக்கொண்டிருந்தது. "இன்னா சார், இப்டி ஆடுது?" என்றார். என் மேல் பரிதாபப்பட்டுத்தான் ஏறத் தொடங்கினார் என்று நினைக்கிறேன். ஒரு கையை ஏணியிலிருந்து எடுத்து என் குதிகாலில் கொடுத்து மேலே தள்ளினார். தள்ளிக்கொண்டே வந்தார்.

நாங்கள் கரை ஏறும்போது தண்ணீர் வந்துவிட்டது. சினிமாவில் வருவதுபோல மதிலாக வரவில்லை. செத்தையையும் பாட்டில்களையும் தள்ளிக்கொண்டு மணலை நக்கியபடி வந்தது. பிறகு நின்ற இடத்திலேயே உயர்ந்தது. பெண்கள் கணுக்கால் தண்ணீரில் நின்று மஞ்சள் கரைத்து ஊற்றி, சூடம் காட்டி, "ரா தல்லி, ரா" என்று தெலுங்கில் கங்கம்மாவை அழைத்தார்கள். நடு ஆற்றில் கிணற்றின் வாய்க்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்தப் பெண்கள் மீதா, அலுவலகங்கள் மீதா, தண்ணீர் மீதா என்று தெரியவில்லை. ஒருத்தி வந்து என் நெற்றியில் குங்குமம் வைத்தாள். அவ்வளவு ஆத்திரத்திலும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, கரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் இரண்டு அலுவலகங்களிலும் கேட்டேன். எதிர்ப்பக்கத்தார் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தோம் என்றார்கள். பொய்யில்லை. நிஜமாகவே நினைத்திருக்கிறார்கள்.

தண்ணீர் வடிந்து, கிணற்றில் சேர்ந்த சேற்றை அள்ளி முடித்து, மறுபடி ஆட்கள் இறங்கும் நாள் வந்தது. அணைக்குப் பக்கத்தில் நானே ஓர் ஆளை நிறுத்தியிருந்தேன். அவன் செல்போனில் சிக்னல் வந்து வந்து போனது. அலுவலகங்களுக்குப் போன் செய்தேன். முன்பு சொன்னதையே சொன்னார்கள். சத்தியவேட்டுக்காரர் ஏணியில் ஒரு காலை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"சார், இன்னிக்குத் தண்ணி வராதில்ல? நீங்க சொன்னா எறங்கறேன்."

"வராது" என்றேன்.

அவர் உடனே இறங்கிவிட்டார். கீழே பாறையில் சம்மட்டி விழத் தொடங்கியது. சோறு துன்ன வாங்க சார் என்று ஆட்கள் கூப்பிட்டார்கள். நான் சொன்னதை அவர் நம்பிவிட்டார். என்னால் நம்ப முடியவில்லை. அவர் தலை வெளியே தெரியும்வரை விளிம்பை விட்டு நகரவில்லை.