மூத்தாள் கட்டாத சேலை

பாண்டியம்மாள் வடுகபட்டிக்கு இளையதாரமாக வந்தவள். கடமலைக்குண்டிலிருந்து வந்து இறங்கிய அன்றைக்கே மாமியார் அவளைப் பூட்டிய தகரப் பெட்டி ஒன்றுக்கு முன்னால் நிறுத்தி, "விழுந்து கும்பிடு, ஒனக்கு மூத்தவ" என்றாள். புருஷன் காலில் விழுவதற்கு முன்னால் அவள் விழுந்தது அந்தப் பெட்டியின் காலில்தான்.

பெட்டிக்குள் இருந்தது ஒரே ஒரு சேலை. அவள் புருஷன் ஒச்சாண்டியின் முதல் மனைவி நாகஜோதி, வயிற்றில் பிள்ளையோடு செத்துப்போனவள். அப்படிப் போனவளை அந்தரத்தில் விட முடியாது, வீட்டுச்சாமியாக்கி உட்கார வைத்துவிட வேண்டும். தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் அவளுக்குப் புதுச்சேலை எடுத்து, மஞ்சள் தண்ணீரில் நனைத்து உலர்த்தி, சுளகில் வைத்துப் படைத்து, பெட்டியில் வைத்துப் பூட்டுவார்கள். போன வருடத்துச் சேலையை எடுத்து இளையவளுக்குக் கொடுப்பார்கள். மூத்தாள் ஒரு வருடம் கட்டிக் கழித்தது என்று பேர்.

தீபாவளியோ பொங்கலோ, பாண்டியம்மாளுக்கென்று யார் எதை எடுத்தாலும் இதே சட்டம்தான். முதலில் பெட்டி, பிறகுதான் அவள் உடம்பு. செத்தவளுக்கு அந்த வீட்டில் இருந்த மரியாதையில் கால்வாசி இருந்தவளுக்கும் இருந்திருந்தால் இவ்வளவு தூரம் சொல்லவே வேண்டியிருக்காது.

மடித்து வைத்த சேலை மடித்தபடிதானே இருக்க வேண்டும்? இருக்காது. எடுத்து உதறினால் இடுப்பில் சொருகும் இடம் கசங்கியிருக்கும். முந்தானை நுனியில் முடிச்சுப் போட்டு அவிழ்த்த தடம் இருக்கும். முதல் வருடம் அதை மாமியாரிடம் காட்டினாள்.

"கட்டுனாக் கசங்காதா?" என்று கேட்டுவிட்டு மாமியார் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஒரே ஒரு தடவை பாண்டியம்மாள் சட்டத்தை மீறினாள். தலைப்பிள்ளை ஈஸ்வரபாண்டி கைக்குழந்தையாக இருந்தபோது, அவளுடைய அண்ணன் தீபாவளிக்கு ஒரு சேலை கொண்டுவந்து கொடுத்தான். பெட்டியில் வைக்காமல் அதைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டாள். சின்ன வயசு, ஆசை. வாய்க்கால் ஓரமாக நடக்கும்போது பின்னால் இன்னொரு புதுச்சேலை சரசரக்கிற சத்தம் கூடவே வந்தது. திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. அன்று சாயங்காலமே பிள்ளைக்கு உடம்பு வெட்டி இழுத்து, கண் மேலே சொருகிக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாண்டியம்மாள் மட்டும் வீட்டுக்குள் ஓடி, சேலையை அவிழ்த்துப் பெட்டிமேல் போட்டுவிட்டு, பழைய துணியைச் சுற்றிக்கொண்டு பின்னாலேயே போனாள். பிள்ளை பிழைத்தான். காய்ச்சல் தலைக்கேறியதால் வந்த இழுப்பு என்று டாக்டர் சொன்னார். அந்த வீட்டில் யாரும் டாக்டரிடம் காரணம் கேட்டிருக்கவில்லை.

அதற்குப் பிறகு நாற்பது வருடத்துக்குமேல் அவள் புதுச்சேலை கட்டவில்லை. ஊர்க் கமிஷன் கடையில் பூண்டுக்கு வால் அறுத்துத் தரம் பிரிக்கும் வேலைக்குப் போனாள். கைக்கு வந்தது மகன் ஆட்டோ வாங்கப் போனது, மருமகள் யுவராணியின் பிரசவத்துக்குப் போனது, கூரை ஒழுகியபோது கூரைக்குப் போனது. தனக்கென்று அவள் வைத்துக்கொண்டது விரல் நகத்தில் ஏறிய பூண்டு வாடை ஒன்றைத்தான். அதற்கு யாரும் பங்குக்கு வரவில்லை.

போன ஐப்பசியில், அவளோடு பக்கத்தில் உட்கார்ந்து வால் அறுத்த சுருளியம்மாள் செத்துப்போனாள். பிறந்த வீட்டார் கோடிச்சேலை கொண்டுவந்து போர்த்தினார்கள். நல்ல சேலை, பச்சையில் சிவப்புக் கரை. பொம்பளைகள் தொட்டுப் பார்த்து, "எவ்வளவு பாந்தமா இருக்கு" என்று சொல்லி அழுதார்கள். பாண்டியம்மாளுக்கு அழுகை வரவில்லை. நம் உடம்பில் ஏறப்போகும் முதல் புதுச்சேலையும் இப்படித்தான் ஏறும், அதை நாம் பார்க்கப்போவதில்லை என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது வந்ததுதான், அப்புறம் போகவே இல்லை.

கார்த்திகையில் அவள் கட்டிவந்த சீட்டு விழுந்தது. பேத்தி ஓவியா நர்சிங் படிக்கிறாள், பீஸ் கட்ட வேண்டும். "அத்தை, சீட்டு விழுந்துருச்சா?" என்று யுவராணி கேட்டாள். கெட்ட பெண் இல்லை, கேட்கத்தானே செய்வாள். பாண்டியம்மாள் எடுத்துக் கொடுத்தாள். ஆனால் முழுதாகக் கொடுக்கவில்லை. கொஞ்சத்தை முந்தானையில் முடிந்துகொண்டபோது பேத்தியின் பீஸிலேயே திருடுகிற மாதிரி அவளுக்கு இருந்தது. இருந்தும் முடிந்துகொண்டாள்.

பெரியகுளத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கத்திரிப்பூ நிறத்தில் ஒரு சேலை எடுத்தாள். "யாருக்கும்மா, மகளுக்கா?" என்று கடைக்காரப் பெண் கேட்டாள்.

"எங்க அக்காளுக்கு" என்று வாய் சொன்னது. ஏன் அப்படிச் சொன்னோம் என்று பஸ் ஏறி ஊர் வந்து சேரும்வரை அவளுக்குப் புரியவில்லை.

சேலையை எங்கே வைப்பது? பீரோவைத் திறந்தால் யுவராணி கண்ணில் படும். பரணில் எலி. வருடத்துக்கு ஒரு தடவை தவிர யாருமே தொடாத இடம் வீட்டில் ஒன்றுதான் இருந்தது. பெட்டிச் சாவி ஒச்சாண்டியின் அரைஞாணில் கிடக்கும். அவரைக் குளிப்பாட்டுவது பாண்டியம்மாள்தான். சாவியை எடுத்து, மூத்தாள் சேலைக்கு அடியில் தன்னுடையதை வைத்துப் பூட்டினாள். ஆடு போய்ப் புலியிடம் குட்டியை ஒப்படைத்த கதைதான், ஆனால் அப்போது அவளுக்கு அது புத்திசாலித்தனமாகவே பட்டது.

எட்டு பத்து நாள் கழித்து, ஒருமுறை தொட்டுப் பார்க்கலாம் என்று பட்டப்பகலில் பெட்டியைத் திறந்தாள். கத்திரிப்பூச் சேலை மேலே இருந்தது. மூத்தாள் சேலை அடியில் கிடந்தது. தன் சேலையை எடுத்துப் பிரித்தாள். கொசுவம் வைத்த மடிப்பு அப்படியே விழுந்திருந்தது. கீழ்க்கரை ஈரமாக இருந்தது, தொட்டால் விரலில் வாய்க்கால் சேறு.

பாண்டியம்மாள் விரலைத் துடைத்துக்கொண்டாள். மடித்து வைத்துப் பூட்டினாள். பயம் தனக்காக இல்லை. ஓவியா தினமும் பஸ்ஸில் தேனிக்குப் போய் வருகிற பிள்ளை. பேத்தி வீடு திரும்பும்வரை பாண்டியம்மாள் வாசலை விட்டு நகர மாட்டாள். அந்தச் சேலையைக் கட்டவும் முடியவில்லை, வெளியே எடுக்கவும் முடியவில்லை. தை மாதத்துக் கும்பிடுக்கு முதல் நாள் எப்படியாவது எடுத்துவிடலாம் என்று தள்ளிப்போட்டாள். முதல் நாளும் கை வரவில்லை. மறுநாள் விடிந்ததும் எடுப்போம் என்றிருந்தாள்.

தை வெள்ளி விடிந்தபோது ஈஸ்வரபாண்டி முந்திக்கொண்டான். ஓவியாவுக்கு அன்று பரீட்சை, வெள்ளனமே கும்பிட்டு முடித்தால் அவள் கிளம்பலாம் என்று அப்பாவைத் தானே குளிப்பாட்டிப் பெட்டிக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டான். பின்கட்டில் பொங்கல் பானையைக் கிளறிக்கொண்டிருந்த பாண்டியம்மாளுக்குப் பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது. அகப்பையோடு ஓடிவந்தாள்.

ஒச்சாண்டிக்கு இரண்டு வருடமாக ஞாபகம் தப்பிக்கொண்டிருந்தது. சில நாள் பாண்டியம்மாளையே "யாருத்தா நீ?" என்று கேட்பார். ஆனால் படையல் முறையில் ஒன்று பிசகாது. பெட்டிக்குள் கைவிட்டு ஒரு சேலையை எடுத்தார். பிறகு இன்னொன்றை எடுத்தார். இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அந்த வீட்டில் ஒரு பெட்டிச் சேலைக்கு ஒரு செத்தவள். அவருக்குத் தெரிந்த கணக்கு அதுதான்.

"பாண்டியம்மா எப்பப் போனா?" என்று கேட்டார்.

"ஐயா, ஆத்தா இங்கனதேன் நிக்கிது, பாருங்க" என்றான் ஈஸ்வரபாண்டி. பெரியவர் திரும்பிப் பார்த்தார். வாசற்படியில் பழைய சேலையும் அகப்பையுமாக நின்றவள் அவர் கண்ணில் படவில்லை.

"எனக்கு ஒருத்தரும் சொல்லலியே" என்றார். பிறகு புதிதாக எடுத்து வைத்திருந்த மூத்தாள் சேலையைச் சுளகில் வைத்து, பக்கத்தில் கத்திரிப்பூச் சேலையையும் வைத்தார். இரண்டு இலை போடச் சொன்னார். மறுத்துச் சொல்ல யுவராணிக்குத் தைரியம் வரவில்லை, போட்டாள்.

"நாகஜோதி, வந்து ஏத்துக்க. வீட்டக் காப்பாத்து" என்று வழக்கம்போலச் சொல்லிக் கும்பிட்டார். அடுத்த இலைக்கு முன்னால் கை கூப்பியதும் அவர் குரல் உடைந்தது.

"பாண்டியம்மா, அவ கட்டிக் கழிச்சதத்தேன் ஒனக்குக் குடுத்தேன். ஒரு புதுத்துணி எடுத்துக் கையில குடுக்கணும்னு இந்த மண்டையில தோணலியே. இப்பத்தேன் வச்சிருக்கேன். வந்து ஏத்துக்க, ஆத்தா."

செத்தவர்களைக் கூப்பிடும் இடத்தில் உயிரோடு இருப்பவர் பேர் வந்துவிட்டால் பதில் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் கூப்பிட்டவர்களோடு போய்ச் சேர வேண்டியதுதான். பச்சைப்பிள்ளைக்கும் தெரியும் இது.

"ஆத்தா, வாயத் தொறந்துறாத" என்றான் ஈஸ்வரபாண்டி.

"பாண்டியம்மா, வந்து ஏத்துக்க" என்று மறுபடியும் கூப்பிட்டார்.

பாண்டியம்மாள் பேத்தியைப் பார்த்தாள். ஓவியா பையை மாட்டிக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தாள். படைக்காமல் கட்டினால்தானே இத்தனை நாளும் குற்றம்? இன்றைக்குப் பேர் சொல்லிப் படைத்தாகிவிட்டது. இது மூத்தாளுடையது இல்லை, ஒரு தடவை உடுத்திப் பார்த்தாளே ஒழிய அவள் கட்டிக் கழித்ததும் இல்லை. இதற்கு விலை என்று ஒன்று இருந்தால் அது பிள்ளைமேலோ பேத்திமேலோ விழாது, வாங்கிக்கொண்டவள் தலையோடு போகும். அந்த நினைப்பு வந்ததும் வாய்க்காலில் முங்கி எழுந்த மாதிரி அவளுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது.

"இந்தா, வந்துட்டேன்" என்றாள்.

யுவராணி, "அத்தே!" என்று அலறினாள். பாண்டியம்மாள் அகப்பையை அவள் கையில் கொடுத்துவிட்டு, சுளகிலிருந்து சேலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மஞ்சளில் நனைக்காத, ஒருவரும் பிரித்துக் கொடுக்காத சேலை. கட்டும்போது மொடமொடவென்று சத்தம் போட்டது. அந்தச் சிறிய அறையில் அவளுக்குப் பின்னால் இன்னொரு சேலை கட்டப்படும் சத்தமும் கேட்டது. இந்தத் தடவை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே வந்து தன் இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். கண்ணீர் ஓட ஓட ஒச்சாண்டி அவளைக் கும்பிட்டார். இத்தனை வருடத்தில் அவர் அவளை அப்படி ஏறிட்டுப் பார்த்ததே இல்லை. அவள் பொங்கலைப் பிசைந்து ஒரு வாய் உண்டாள். பக்கத்து இலையில், யாரும் தொடாத சோற்றில், மூன்று விரல் அள்ளிய பள்ளம் விழுந்திருந்தது. அதை ஈஸ்வரபாண்டியும் பார்த்தான்.

ஒச்சாண்டி குனிந்து, ரகசியம் கேட்பதுபோலக் கேட்டார்: "அங்கன ரெண்டு பேரும் சண்ட போடாம இருக்கீகளா?"

பாண்டியம்மாள் வாயில் இருந்ததை விழுங்கினாள்.

"இன்னைக்குத்தேன் ராசியானோம்" என்று சொல்லி, தன் இலையிலிருந்து ஒரு வாய் எடுத்து அவருக்கு ஊட்டினாள்.