சட்டசபையில் தூங்கியவர்

நேற்று செஞ்சி கூட்ரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவர் செல்போனை நீட்டினார். சட்டசபையில் யாரோ ஓர் உறுப்பினர் தலை தொங்கத் தூங்குகிறார், அதற்கு ஒரு சினிமாப் பாட்டை வேறு ஒட்டியிருந்தார்கள். கடையே சிரித்தது. நான் பாதி டீயோடு கிளாஸை வைத்துவிட்டேன்.

யாரோ தூங்கினால் இவனுக்கென்ன என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

ஒரு காலத்தில் செஞ்சிக்காரர்களுக்கு மெட்ராஸில் ஒரு வீடு இருந்தது. எம்.எல்.ஏ. ஹாஸ்டலில் எங்கள் எம்.எல்.ஏ.வுக்குக் கொடுத்திருந்த அறையைத்தான் சொல்கிறேன். ஒரு கட்டில், ஒரு ஃபேன். சபை கூடாத நாட்களில் அவர் அங்கே தங்கமாட்டார், தொகுதிதான் தங்கும். வல்லத்திலிருந்து கண் ஆபரேஷனுக்கு வந்தவர், அனந்தபுரத்திலிருந்து இன்டர்வியூவுக்கு வந்தவர் என்று பாய் விரிக்க இடமிருக்காது. வெறுங்கையோடு வருவது மரியாதையில்லை என்று ஆளுக்கொரு பை வறுத்த வேர்க்கடலை கொண்டுவருவார்கள். அந்த வாசனையும் தரை துடைத்த ஃபினாயில் வாசனையும் கலந்தடிக்கும். இன்றும் ஃபினாயில் வாசனை வந்தால் எனக்குக் கடலை தின்னத் தோன்றும். வீட்டில் இதைச் சொல்லியே கிண்டல் செய்கிறார்கள்.

அந்த அறைக்கு என் நைனாவும் போகவேண்டி வந்தது. நைனா எதிர்க்கட்சி. சும்மா இல்லை, ஜீப்பில் மைக் பிடித்துக் கோட்டை அதிரப் பேசுகிற எதிர்க்கட்சி. முந்தைய தேர்தலில் இதே எம்.எல்.ஏ.வை அவர் திட்டாத திட்டில்லை. அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. முப்பது நாள் விடாமல் கரண்ட், அதாவது ரேடியேஷன், வைக்கவேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நான் அப்போதுதான் பால் சொசைட்டியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மெட்ராஸில் எங்களுக்கு யாருமில்லை. கூசிக்கூசி எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போனேன். கட்சியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எத்தனை நாள் என்று மட்டும் கேட்டுவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

பத்தாம் நாள் சபை கூடியது. எம்.எல்.ஏ. பெட்டியோடு வந்து நின்றார். நைனா பதறிக் கட்டிலைவிட்டு எழுந்தார். எம்.எல்.ஏ. நைனாவின் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

"நீ படுண்ணா. நான் சபையில போயி தூங்கிக்கறேன்."

தமாஷ் என்றுதான் நினைத்தோம். இருபது நாளும் வராந்தாவில் கொசுக்கடியில் புரண்டார். ஒருநாள் எனக்குச் சபை பார்க்கப் பாஸ் வாங்கித்தந்தார். மாடத்திலிருந்து எட்டிப் பார்க்கிறேன், மானியக் கோரிக்கை விவாதம் நடக்கிறது, எங்கள் எம்.எல்.ஏ. சொன்னபடியே மோவாய் நெஞ்சில் படத் தூங்குகிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு பத்திரிகைக்காரரும் பார்த்திருக்கிறார். மறுநாள் எழுதிவிட்டார்.

அடுத்து வந்த தேர்தலில் செஞ்சிச் சுவரெல்லாம் அதுதான் பேச்சு. தூங்குவதற்கு ஓர் எம்.எல்.ஏ. எதற்கு என்று எழுதியது நைனாவின் கட்சி. தொண்டூர் வரைக்கும் ஜீப்பில் அதையே கத்திக்கொண்டு போனார்கள். எம்.எல்.ஏ.வோ ஒரு கூட்டத்திலும் காரணம் சொல்லவில்லை. நைனாவுக்குக் கட்டி கரைந்திருந்தது, கூடவே குரலும் போயிருந்தது. வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். என் காதருகே வந்து சொன்னார்.

"இன்னாத்துக்குத் தூங்குனாருன்னு நீ போயி சொல்லுடா."

சொசைட்டித் தலைவர் நைனாவின் கட்சி. எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தேர்தல் முடியட்டும் நைனா என்றேன்.

மூன்று நாள் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவரே கிளம்பிவிட்டார். டீக்கடை டீக்கடையாக ஏறி, ஒவ்வொருவர் கையையும் பிடித்துச் சொன்னார். வாயசைவதுதான் தெரிந்தது. ரோட்டில் அவருடைய கட்சி ஜீப் மைக்கை அலறவிட்டுக்கொண்டு போனது.

எம்.எல்.ஏ. தோற்றார். ஜெயித்து வெடி வைத்த கட்சிக்காரர்கள் நைனாவுக்கு மாலை போட வந்தார்கள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலையில் தோற்றவரே வந்தார்.

"இன்னாண்ணா, சோறு எறங்குதா?"

நைனா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு வந்தவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. உள்ளே போய்விட்டேன்.

இப்போது அவரும் இல்லை, நைனாவும் இல்லை. வைத்தியத்துக்குப் போகிறவர்கள் செல்போனிலேயே லாட்ஜ் எடுத்துவிடுகிறார்கள். எம்.எல்.ஏ.வின் அறை எண் செஞ்சியில் யாருக்கும் தெரியாது. நடந்ததைப் பார்த்தவர்களில் நான்தான் மிச்சம். இத்தனை வருஷம் கழித்து உங்களிடம் சொல்கிறேன். சொல்லவேண்டிய நாளிலும் எனக்குக் குரல் நன்றாகத்தான் இருந்தது.