ஆர்லன் பழுது பார்த்த படகு

மார்லிஸ் ட்வெய்ட் ஐந்தடி உயரம்கூட இல்லை. அதுதான் வினையாகப் போயிற்று. அவள் கணவன் ஆர்லன் வாங்கி வந்த பழைய பாய்மரப் படகில், இன்ஜினுக்குப் பின்னால் குறுகலான பொந்து ஒன்று இருந்தது. ஆர்லனின் தோள் அதற்குள் போகவில்லை.

"நீ கொஞ்சம் உள்ள போய்ப் பாரேன் மார்லி, ஒரே ஒரு நட்டுதான்" என்றான்.

அந்த ஒரு நட்டு பத்தொன்பது வருஷம் நீண்டது.

சுப்பீரியர் ஏரியில் படகு தண்ணீரில் மிதப்பது நாலைந்து மாதம். மிச்ச நாளெல்லாம் கரையில் முட்டுக்கொடுத்து, தார்ப்பாய் போர்த்தி நிற்கும். ஏப்ரலில் பனி உருகத் தொடங்கியதும் கரையோரப் படகுப் பட்டறை முழுக்க உப்புத்தாள் தேய்க்கிற சத்தம். வாரம் ஐந்து நாள் பள்ளிக்கூடச் சமையலறையில் வெந்துவிட்டு, சனி ஞாயிறு மார்லிஸ் படகுக்கு அடியில் மல்லாந்து கிடப்பாள். பழைய பெயிண்டின் நீலத் தூள் காதில், மூக்கில், திங்கட்கிழமை பிள்ளைகளுக்குப் பரிமாறும்போதும் நகக்கண்ணில். மேல்தளப் பலகை உளுத்தபோது அறுத்தெடுத்துப் பிசின் ஊற்றி அடைத்தவள் அவள். சன்னல்கள் ஒழுகியபோது கழற்றிப் பூசி மாட்டியவளும் அவள்தான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நூலகத்திலிருந்து கையேடு எடுத்து வந்து, கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டாள்.

ஆர்லன் மேலே நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பான். போகிறவர் வருகிறவரோடு பேசுவான்.

"என்ன கேப்டன், இந்த வருஷம் என்ன வேலை?" என்பார் பக்கத்துப் படகுக்கார வெர்ன்.

"இன்ஜினை அக்கக்கா கழட்டிட்டேன் வெர்ன். முதுகு போச்சு."

பொந்துக்குள்ளிருந்து குரல் வரும்: "முதுகு போன மகராசா, அந்தச் சின்ன ஸ்பேனரை எடு."

வெர்ன் சிரிப்பார். ஆர்லனும் சிரிப்பான். முதல் சில வருஷம் அவளும் சிரித்தாள்.

படகின் பின்புறத்தில் ஆர்லன் தன் அம்மாவின் பெயரையே படகின் பெயராக எழுதவைத்தான்: இங்கிரிட். கோடையில் நண்பர்கள் வந்தால் சுக்கான் அவன் கையில். மார்லிஸ் கீழே ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே இன்ஜின் சத்தத்துக்குக் காது கொடுத்திருப்பாள்.

அறுபத்தாறு வயதில் ஆர்லனுக்குப் படகு அலுத்தது. ஒரு சனிக்கிழமை பட்டறை அறிவிப்புப் பலகையில் இங்கிரிட்டின் படத்தையும் 'விற்பனைக்கு' என்ற எழுத்தையும் பார்த்துத்தான் மார்லிஸுக்கு விஷயமே தெரிந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"படகு என் பேர்ல இருக்கு. உனக்கும் நல்லதுதானே, இனிமே பொந்துக்குள்ள போக வேண்டாம். எந்நேரமும் முனகிக்கிட்டுதானே இருந்தே."

அவள் முனகியது உண்மை. படகை விட்டுவிட ஒருநாளும் நினைத்ததில்லை என்பதும் உண்மை.

மினியாபோலிஸிலிருந்து ப்ரெஸ்காட் என்ற பல் மருத்துவர் படகு பார்க்க வந்தார். ஆர்லன் ஒவ்வொரு மூலையாகத் திறந்து காட்டினான். "ஒரு ஆளைக் கூப்பிட்டதில்லை டாக்டர். எல்லாம் இந்தக் கை பண்ணினது."

"தண்ணி மட்டத்துக்குக் கீழ இருக்கிற வால்வெல்லாம் எப்படி?"

"புதுசு மாதிரி."

ஆண்டு முழுக்க ஆர்லனுக்கென்று இருந்த வேலை ஒன்றே ஒன்று: குளிர் வருமுன் குழாய்களில் இருக்கும் தண்ணீரை வடித்துவிடுவது. போன இலையுதிர்காலத்தில் அதை மறந்துவிட்டான். உள்ளே நின்ற தண்ணீர் உறைந்து, கழிவறை வால்வில் மயிரிழையாக விரிசல் விட்டிருந்தது. போன வாரம் மார்லிஸ் கண்டுபிடித்துச் சொன்னபோது, "மேல பெயிண்ட் அடிச்சு விடு" என்றான்.

"கழிவறை வால்வு வெடிச்சிருக்கு. தண்ணியில இறக்கினா மறுநாளைக்கு மிதக்காது" என்றாள் பின்னால் நின்ற மார்லிஸ்.

ப்ரெஸ்காட் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மாத்திக் குடுங்க. எடுத்துக்கறேன்."

வீடு திரும்பும்போது காரில் ஆர்லன் சொன்னான்: "யாரோ ஒருத்தன் முன்னால என்னைப் பொய்யனாக்கிட்டே."

"அதுக்கு என் உதவி வேணுமா உனக்கு?"

அந்த வாரக் கடைசியில் அவள் தனியாகப் போய்ப் பழைய வால்வை வெட்டியெடுத்துப் புதிதைப் பொருத்தினாள்.

படகை எடுத்துப் போக வந்த ப்ரெஸ்காட் ஆர்லனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "விரிசலை ஒட்டுப்போட்டே குடுத்திருக்கலாம் நீங்க, புது வால்வே போட்டுட்டீங்க. உங்களை மாதிரி ஆளுங்க குறைஞ்சு போச்சு."

"மனசாட்சின்னு ஒண்ணு இருக்கில்ல டாக்டர்" என்றான் ஆர்லன்.

இரண்டடி தள்ளி மார்லிஸ் கருவிப்பெட்டியோடு நின்றாள்.

அடுத்த வருஷம் ஜூன் மாதம் ப்ரெஸ்காட்டிடமிருந்து போன் வந்தது. எடுத்தவள் மார்லிஸ். இன்ஜின் ஓடும்போது, ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டான ஷாஃப்ட் படகைவிட்டு வெளியேறும் இடத்தில் தண்ணீர் சொட்டுகிறதாம்.

"நிமிஷத்துக்கு மூணு நாலு சொட்டா?"

"ஆமா."

"சொட்டணும். அந்தத் தண்ணிதான் ஷாஃப்டைச் சூடாகாம வெச்சிருக்கு. அதைச் சுத்தி இருக்கிற நட்டைத் தொடாதீங்க."

எதிர்முனை தயங்கியது. "நன்றிம்மா. இருந்தாலும்... ஆர்லன் இருக்காரா? அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேனே."

அவள் போனை ஆர்லனிடம் நீட்டிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவன் குரல் தெளிவாகக் கேட்டது: "சொட்டக் கூடாது டாக்டர். பெரிய ஸ்பேனரைப் போட்டு இறுக்குங்க. நிக்கிற வரைக்கும் இறுக்குங்க."

மார்லிஸ் கதவு வரை வந்தாள். திரும்பிப் போய் உருளைக்கிழங்கைத் தோலுரித்தாள்.

ஆகஸ்டில் வெர்ன் சொல்லித்தான் தெரிந்தது. ஏரி நடுவில் புகை வந்து, இங்கிரிட்டை இன்னொரு படகில் கட்டி இழுத்து வந்தார்களாம். இறுக்கின இடத்தில் சூடேறி ஷாஃப்ட் தேய்ந்து பாழாம்.

"பல்லுப் பிடுங்கறவனுக்குப் படகைப் பாத்துக்கத் தெரியுமா?" என்றான் ஆர்லன், வாய் நிறைய உணவோடு.

தனக்கு மகிழ்ச்சியாக இருக்கும் என்று மார்லிஸ் நினைத்திருந்தாள். இல்லை. பாழானது, அவள் மூன்று நாள் அந்தப் பொந்தில் கிடந்து நேர்ப்படுத்திய ஷாஃப்ட்.