துப்பாக்கி அத்தையின் ஈரப் பஞ்சு

என் நாத்தனாரைக் குழந்தைகள் காப்பகத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. துப்பாக்கி அத்தை என்றால்தான் தெரியும். காலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற பிள்ளைகளின் நெற்றிக்கு நேரே அந்த வெள்ளைக் கருவியை நீட்டுவாள். தொடாமலே காய்ச்சல் பார்க்கிற கருவி. பார்த்தால் பொம்மைத் துப்பாக்கி மாதிரி இருக்கும். காய்ச்சல் இல்லை என்று அது சொன்னால்தான் பிள்ளை உள்ளே போகலாம்.

அந்த வாசலுக்கு ஒரு சட்டமும் உண்டு. அவள் சுட்டால் பிள்ளையும் அவளைத் திருப்பிச் சுட வேண்டும். குனிந்து நெற்றியைக் காட்டுவாள். பிள்ளை விசையை அழுத்திவிட்டு, "அத்தைக்குக் காய்ச்சல் இல்ல" என்று அறிவித்துவிட்டு உள்ளே ஓடும். எண் படிக்கத் தெரியாத வாண்டுகள். என்ன எண் வந்தது என்று ஒருவரும் பார்த்ததில்லை.

வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. பிள்ளையின் முடியை ஒதுக்கி, வேர்வையைத் துடைத்து, இரண்டு விரல் தள்ளிப் பிடிப்பாள். வெயிலில் வந்தவர்களை நிழலில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைப்பாள். மேனேஜர் அம்மாவின் ஏசி அறையில் அதை வைக்கச் சொன்னபோது, வெளியே எடுத்தவுடன் தப்பாகக் காட்டும் என்று மறுத்துவிட்டாள். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள், அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் மறுத்துப் பேசினாள். சாயங்காலம் பேட்டரியைக் கழற்றி, ஒற்றையாய்ப் போன ஒரு குழந்தை சாக்ஸுக்குள் கருவியை நுழைத்து வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள்.

வீடு என்றால் எங்கள் வீடுதான். கல்யாணப் பேச்சு நாலைந்து வந்து, வந்த வழியே போயின. அண்ணன் வீட்டில் ஒரு மூலை அறை, என் மகன், அந்தத் துப்பாக்கி. இவ்வளவுதான் அவள் உலகம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதைக் கேட்டுக்கொண்டு ஒருத்தி இத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தாள் என்றால் அவள் பொறுமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் மகனும் அந்தக் காப்பகத்துக்குத்தான் போகிறான். போன வருஷம் ஒருநாள் அவள்தான் அவனைச் சுட்டு, காய்ச்சல் இல்லை என்று உள்ளே விட்டாள். மத்தியானத்துக்குள் அவனுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. கண் மேலே செருகி, கை கால் வெட்டி, உதடு நீலமாகி. நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவள் அவனை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். பிழைத்துக்கொண்டான். "காய்ச்சல் ஆரம்பிக்கும்போதே மருந்து குடுத்துடுங்க, ஏற விடாதீங்க, மறுபடி வரலாம்" என்றார் டாக்டர். அந்த 'வரலாம்' என்ற சொல்லோடுதான் நான் தினமும் படுத்து எழுந்திருக்கிறேன்.

அன்றிலிருந்து நாத்தனாருக்குத் துடைக்கிற வியாதி பிடித்துக்கொண்டது. கருவியின் முனையில் குழிக்குள் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கிறது. அதில் அழுக்கு இருந்துதான் அன்றைக்குத் தப்பாகக் காட்டியது என்று அவளாகவே முடிவு கட்டிவிட்டாள். முன்பெல்லாம் காலையில் ஒரு தடவை துடைத்தவள், இப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்னால் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தாள். வீட்டுக்கும் அதே மாதிரி ஒன்று வாங்கி வந்து அதையும் அப்படியே துடைத்தாள். நானும் விட்டேனா என்றால் இல்லை. "பாத்து, பாத்து, நல்லா தொடச்சிடு. போன தடவை மாதிரி ஆயிடப் போவுது" என்று சமயம் வாய்க்கும்போதெல்லாம் குத்துவேன். இன்னொரு தடவை துடைப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. காப்பகம் லீவு. லாரி ஓட்டுகிற என் வீட்டுக்காரர் வெளியூரில். மத்தியானச் சாப்பாட்டில் கை வைக்காமல் என் மகன் சோபாவில் போய்ச் சுருண்டுகொண்டான். நாத்தனாரும் தட்டைத் தள்ளி வைத்தாள். அந்தப் புழுக்கத்தில் அண்ணனுடைய தடிச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தாள். "ஆக்கிப் போட்டா சாப்பிடவும் வலிக்குது ஒருத்தருக்கு" என்று நான் முணுமுணுத்தபடி பாத்திரத்தைக் கழுவப் போனேன்.

திரும்பி வந்து அவன் நெற்றியில் கை வைத்தேன். சுட்டது.

"ஏய், இங்க வா. இவனுக்குக் கொதிக்குது."

அவள் வீட்டுத் துப்பாக்கியை அதன் சாக்ஸிலிருந்து உருவினாள். பஞ்சை நனைத்தாள். துடைத்தாள். முடியை ஒதுக்கி நீட்டினாள். தொண்ணூத்தெட்டு புள்ளி இரண்டு.

"இல்ல அண்ணி, காய்ச்சல் இல்ல."

"என் கை சொல்லுதே."

"தண்ணியில இருந்த கை அண்ணி. சில்லுனு இருக்கும். எதத் தொட்டாலும் சுடற மாதிரிதான் இருக்கும்."

போன மாதம் இப்படித்தான், கழுவின கையால் தொட்டுவிட்டு, காய்ச்சல் என்று மருந்தை ஊற்றி, டாக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். என் கையை நானே நம்ப முடியாத நிலைமை. அரை மணி நேரம் குட்டிபோட்ட பூனை மாதிரி கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தேன். மறுபடி பார்க்கச் சொன்னேன். துடைத்தாள், நீட்டினாள். தொண்ணூத்தெட்டு. அவன் கண் பாதி மூடியிருந்தது. கன்னம் சிவந்திருந்தது. அவள் கை நடுங்கியது. பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

"காலையில எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சுன்னு என்னையும் பாத்தேன் அண்ணி. தொண்ணூத்தேழுதான் காட்டிச்சு. கருவி சரியாத்தான் இருக்கு" என்றாள்.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் போன் செய்தார். அவரிடம் சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல், சாப்பிட்டீங்களா, தூங்குனீங்களா என்று பேசிவிட்டு வைத்தேன். கருவி அத்தனை நேரமும் மேசையில் சும்மா கிடந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. வெடுக்கென்று எடுத்தேன்.

"இருங்க அண்ணி, தொடச்சிட்டு..."

"நீயும் உன் தொடைக்கறதும். பேசாம இரு."

நீட்டி அழுத்தினேன். நூத்திரண்டு புள்ளி எட்டு.

அவள் என் கையிலிருந்து பிடுங்கி, "அழுக்கா இருக்கும் அண்ணி, அதான் ஏத்திக் காட்டுது" என்று அவசரமாகத் துடைத்து நீட்டினாள். தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவள் விரலிடுக்கில் இருந்த பஞ்சு என் மணிக்கட்டில் உரசியது. ஐஸ் வைத்த மாதிரி ஜில்லென்றது. ஊசி போடுவதற்கு முன்னால் நர்ஸ் துடைப்பாளே, அந்த ஜில்.

"ஈரம்" என்றேன். "ஈரம் காயறதுக்குள்ள பாக்கற. கண்ணாடியே குளுந்து கெடக்கு. அது எப்படி சூட்டச் சொல்லும்?"

மருந்து பாட்டிலை அவள்தான் ஓடிப்போய் எடுத்து வந்தாள். ஊற்றினேன். வாய்க்குள் பாதி, சட்டையில் கொஞ்சம். அவன் உடுப்பைக் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து, அவள் காலைத் துடைக்க, நான் மார்பைத் துடைத்தேன். ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். அவன் விரல் அசைந்தால் எனக்கு உயிர் போனது. இமை துடித்தால் போனது. ஒரு தடவை தூக்கத்தில் தூக்கிப்போட்டது அவனுக்கு. நானும் அவளும் ஒரே நேரத்தில் அவன் மேல் பாய்ந்தோம். ஒன்றுமில்லை, புரண்டு படுத்தான். அவனைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட, கதவருகே செருப்பும் பையும் தயாராக இருந்தன.

கருவியை யாரும் துடைக்கவில்லை. நூத்திரண்டு. நூத்தொண்ணு புள்ளி ஆறு. பிறகு அவன் கழுத்தில் வேர்வை பொடிந்தது. நூறு என்று வந்தபோதுதான் நான் தரையில் உட்கார்ந்தேன்.

அவள் சுவரில் சாய்ந்திருந்தாள். கண் எங்கேயோ இருந்தது.

"அண்ணி."

"என்ன?"

"அவனுக்கு வலிப்பு வந்த அன்னிக்கு வாசல்ல, அவன்தான் முதல்ல சுடணும்னு துப்பாக்கியப் புடுங்கி, பிசுபிசுன்னு இருந்த விரல அந்தக் குழிக்குள்ள விட்டுட்டான். நான் தொடச்சிட்டு, உடனே அவனப் பாத்தேன்." கீழே கிடந்த பஞ்சைப் பார்த்தாள். "அழுக்கு இல்ல அண்ணி. நான்தான்."

ஒரு வருஷமாக நான் சேர்த்து வைத்திருந்த பேச்சுக்கெல்லாம் இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. ஆனால் என் பிள்ளைக்காக என்னைவிட அதிகமாகப் பயந்தவள் அவள். அந்தப் பயத்தாலேயே ஒரு வருஷமாகத் தப்பாகப் பார்த்திருக்கிறாள். பின்னால் நின்று துடை துடை என்று விரட்டியது நான்.

"அவன் நல்லா இருக்கான்" என்று மட்டும் சொன்னேன்.

அதற்குள் அவன் கண் விழித்துவிட்டான். தண்ணீர் கேட்டுக் குடித்தான். தலையணைக்குப் பக்கத்தில் கிடந்த துப்பாக்கியைப் பார்த்தான்.

"அத்த, நீ என்னச் சுட்டியா?"

"சுட்டேன்டா கண்ணு."

"அப்ப நான்."

சட்டம் சட்டம்தானே. அவள் முட்டி போட்டு நகர்ந்து வந்து நெற்றியைக் குனிந்து காட்டினாள். அவன் இரண்டு கையாலும் பிடித்து, இரண்டு விரல் தள்ளி, அவள் பழக்கியபடியே விசையை அழுத்தினான்.

"அத்தைக்குக் காய்ச்சல் இல்ல" என்று அறிவித்தான்.

நான் எட்டிப் பார்த்தேன். நூத்தொண்ணு புள்ளி ஒன்பது.

அவளும் பார்த்தாள். "ரொம்ப நேரமா தொடைக்கல அண்ணி, அதான்" என்று பஞ்சுக்குக் கையை நீட்டினாள்.

நான் அந்தக் கையைப் பிடித்தேன். அனலாக இருந்தது. தள்ளி வைத்த தட்டும், புழுக்கத்தில் போட்ட தடிச் சட்டையும், பயம் என்று நான் நினைத்த நடுக்கமும் அப்போதுதான் எனக்குப் புரிந்தன. இத்தனை வருஷத்தில் அவள் நெற்றியை நான் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. என் கை இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. புடவையில் அழுத்தித் துடைத்து, காயட்டும் என்று கொஞ்சம் காத்திருந்து, பிறகு அவள் நெற்றியில் வைத்தேன்.